சேகரிப்பாளர் நூலைச் சொந்தமாக அச்சிடுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நீலகிரியின் பழைய படத் தபால் அட்டைகளைச் சேகரித்து வருகிறேன். அவற்றை நூலாக்க விரும்புகிறேன். 500 பிரதிகள் அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்கிறார் அச்சகத்தார். சரியா?
(குன்னூர் வாசகர்)

பதில்: அவர் சொல்லும் கணக்கு சரிதான், ஆனால் அது அச்சகத்தின் கணக்கு. பக்கங்களைத் தட்டில் பதித்து அதிலிருந்து அச்சிடும் ஆஃப்செட் முறையில் வடிவமைப்பு, நிறச் சீரமைப்பு, தட்டு ஆகியவற்றின் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றே. உதாரணத்துக்கு, அந்த நிலைச்செலவு 60,000 ரூபாய் என்றும், தாள், அச்சு, கட்டுமானம் சேர்ந்து பிரதிக்கு 250 ரூபாய் என்றும் கொள்வோம். 100 பிரதிகள் அடித்தால் ஒன்றின் அடக்கவிலை 850 ரூபாய். 300 அடித்தால் 450. 500 அடித்தால் 370. அடக்கவிலை இப்படிப் பாதிக்கும் கீழே இறங்கும்போது, உங்கள் கையிலிருந்து போகும் தொகையோ 85,000 ரூபாயிலிருந்து 1,85,000 ரூபாயாக ஏறிவிடுகிறது. நீலகிரித் தபால் அட்டைகளைத் தேடி வாங்குவோர் பெயர் சொல்லி எண்ணிவிடக்கூடிய சிறு கூட்டமே என்பதால், முதலில் அவர்களிடம் முன்பதிவு கேளுங்கள். வந்த எண்ணிக்கையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி அச்சிடுங்கள். அது நூறுக்குள் நின்றால், தட்டு இல்லாமல் கணினிக் கோப்பிலிருந்து நேரே அடிக்கும் டிஜிட்டல் அச்சே போதும். விற்காத கட்டுகளைக் குன்னூர் மழைக்காலத்தில் வீட்டில் வைத்திருப்பதும் ஒரு செலவுதான்: ஈரம் பட்ட ஆர்ட் தாள் (படங்கள் அச்சிடும் பூச்சுத் தாள்) பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது.

கேள்வி: ஏ4 அளவு, 160 பக்கம், 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள், கெட்டி அட்டை என்று திட்டமிட்டிருக்கிறேன். எதையாவது குறைக்கலாமா?
(கோத்தகிரி வாசகர்)

பதில்: ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை; ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே உங்கள் 80 தாள்கள் மட்டுமே 650 கிராம் எடை வரும். அட்டையும் பொதியும் சேர்ந்தால் கிலோவை நெருங்கும். பெரும்பாலான பிரதிகள் தபாலில்தான் போகும் என்பதால் அளவைச் சற்றுக் குறைப்பது நல்லது. பக்க எண்ணிக்கையை மாற்ற நேர்ந்தால் பதினாறின் மடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் தாள் வீணாகும். தையல் கட்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சேகரிப்பாளர் நூலை மேசையில் விரித்து வைத்து, தம் அட்டையை அருகில் வைத்து ஒப்பிடுவார்; வெறும் பசையால் ஒட்டிய கட்டு அதற்கு விரிந்து கொடுக்காது, ஆர்ட் தாளில் பசை சரியாகப் பிடிப்பதுமில்லை. விளக்கொளியில் பூதக்கண்ணாடி பிடிப்பவருக்குப் பளபளப்புத் தாள் இடைஞ்சல் என்பதால் மேட் ரகம் கேளுங்கள். தங்க எழுத்து, மேலுறை போன்றவற்றைத் தயங்காமல் நீக்கலாம்.

கேள்வி: மலை ரயிலின் பழைய அட்டைப் பயணச்சீட்டுகளை எப்படிப் படமெடுப்பது?
(உதகை வாசகர்)

பதில்: முன்னும் பின்னும் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, நூலில் நிஜ அளவிலேயே அச்சிடுங்கள். சீட்டின் அளவும் அடையாளத்தில் ஒரு பகுதி. அழகுக்காகப் பெரிதாக்கினால் அது போய்விடும்.

கேள்வி: அட்டைகள் என்னுடையவை. படங்களை அச்சிட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?
(கூடலூர் வாசகர்)

பதில்: அட்டை உங்களுடையது என்பதால் பதிப்புரிமையும் உங்களுடையதாகிவிடாது. இந்தியச் சட்டப்படி வெளியான புகைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. மலை ரயில் உதகையை எட்டிய 1908ஆம் ஆண்டுவாக்கில் இங்கே வெளியான அட்டைகளுக்கு அந்தத் தடை என்றோ நீங்கிவிட்டது. 1970களின் வண்ண அட்டைகளுக்கு நீங்கவில்லை. பின்புறத்துக் கடிதம் வேறு கணக்கு: அதன் உரிமை எழுதியவருடையது, அவர் வாழ்நாளில் வெளியாகாத கடிதத்துக்கு 60 ஆண்டுக் கணக்கு அது முதலில் வெளியான பிறகே தொடங்கும். குடும்பச் செய்தி இருந்தால் தபால் முத்திரையை மட்டும் காட்டுவதே பண்பு.

கேள்வி: நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் பெற்றுத்தரப் பணம் கேட்கிறார்கள். அது இல்லாமல் விற்க முடியாதா?
(அருவங்காடு வாசகர்)

பதில்: முடியும். ஆயினும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே வழங்குவதால், இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பணம் கேட்பவர் கேட்பது தம் உழைப்புக்கான கூலி. எண் பெற்றாலும் பெறாவிட்டாலும், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்கள் ஆகிய நான்குக்கும் உங்கள் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். உதகையில் 1859ஆம் ஆண்டு தொடங்கிய நீலகிரி நூலகத்துக்கும் ஒன்று கொடுங்கள். இந்த ஐந்தையும் அச்சிடும் எண்ணிக்கையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.