கிரானைட்டில் கிளிஞ்சல் கிடைக்குமா? பாறைகள் பற்றி வாசகர் கேள்விகள்

கல்லைக் கையில் பார்த்தே தீப்பாறையா, படிவுப் பாறையா என்று சொல்ல முடியுமா? வரி வரியாக இருந்தால் படிவுப் பாறை என்று மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். (ஆசிரியை, திருவண்ணாமலை)

வரியை மட்டும் நம்பாதீர்கள், டீச்சர். உங்கள் பக்கம் வரியோடு கிடைப்பது பெரும்பாலும் நைஸ். அது மூன்றாம் வகையான உருமாறிய பாறை.

புதிதாக உடைத்த முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கிரானைட் தீப்பாறை; ஆழத்தில் மெல்ல ஆறி உறைந்த பாறைக் குழம்பு. அதன் படிகங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்ந்தவை என்பதால் இடைவெளி விடாமல் கோத்து நிற்கும். படிவுப் பாறையான மணற்கல்லில் தேய்ந்து உருண்ட மணிகள் தனித்தனியாகத் தெரியும். கடலைமிட்டாயில் பருப்பைப் பாகு பிடித்திருப்பதுபோல் சிலிக்காவோ சுண்ணமோ அவற்றைப் பிடித்திருக்கும். பல மணற்கற்களில் விரலால் தேய்த்தாலே மணல் உதிரும்.

மணியே தெரியாத கறுப்புக் கல் என்றால்தான் சிரமம். எரிமலைக் குழம்பு உறைந்த தீப்பாறையான பசால்ட்டும் கறுப்பு, படிவுப் பாறையான சுண்ணாம்புக்கற்களில் சிலவும் கறுப்பு. கத்தி முனையால் கீறுங்கள். சுண்ணாம்புக்கல்லில் எளிதாகக் கோடு விழும். அந்தத் தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். புதிய பசால்ட் அப்படி நுரைக்காது. அமிலச் சொட்டை மாணவர்கள் கையில் கொடுக்காமல் நீங்களே விடுங்கள்.

சமையல் மேடைக்குக் கடப்பாக் கல் போதுமா? (இல்லத்தரசி, சேலம்)

கிரானைட்டே போடுங்கள். கறுப்புக் கடப்பா சுண்ணாம்புக்கல். எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் மங்கிவிடும். அலமாரித் தட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

அரியலூர்ப் பக்கம் கல்லில் நத்தைச் சுருள் கிடைக்கிறதாம். எங்கள் குவாரியில் ஒன்றுகூடப் பார்த்ததில்லையே? (குவாரித் தொழிலாளி, கிருஷ்ணகிரி)

பார்க்கவும் மாட்டீர்கள். உங்கள் வட்டாரத்துக் கிரானைட்டும் நைசும் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானவை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஓடுள்ள உயிர்கள் அப்போது தோன்றவே இல்லை.

அரியலூரின் கதை வேறு. கிரெட்டேசியஸ் காலத்தில் (சுமார் 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) அங்கே கடல் இருந்தது. செத்த உயிர்களின் ஓடுகள் அடியில் இறங்கி, மேலே சேறும் சுண்ணமும் படிந்து, அப்படியே கல்லாகின. நீங்கள் கேள்விப்பட்ட சுருள்களில் பல, அற்றுப்போன கடலுயிரான அம்மோனைட்டாக இருக்கும். அது நத்தையைவிடக் கணவாய்க்கு நெருங்கிய உறவு. இப்பகுதியில் கிடைத்த புதைபடிவங்களை பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-லேயே விவரித்து எழுதினார். அதே சுண்ணாம்புக்கல்தான் சிமென்டுக்காக வெட்டப்படுகிறது. அதோடு சேர்ந்து புதைபடிவங்களும் நொறுங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கம் யாராவது கண்டால் பெயர்த்து எடுக்க வேண்டாம். படம் பிடித்து, இடத்தைக் குறித்து, ஏதாவது கல்லூரியின் நிலவியல் துறைக்குச் சொல்லுங்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர்; என் போரில் 800 அடியிலும் புகைதான். நெய்வேலிப் பக்கம் தொட்ட இடமெல்லாம் தண்ணீர் என்கிறார்களே? (விவசாயி, தர்மபுரி)

நெய்வேலியில் இருப்பது கடலூர் மணற்கல். அதன் மணிகளுக்கு இடையே நெடுகத் தண்ணீர் நிற்கிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அது அழுத்தத்தோடு நிற்பதால், இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும்.

உங்கள் கடினப் பாறையில் தண்ணீருக்கு இடம் விரிசலில் மட்டுமே. பக்கத்துப் போர் ஒரு விரிசலைத் தொட்டது, உங்களுடையது தொடவில்லை. ஆழம் கூடக் கூட விரிசல்கள் இறுகிக் குறையும் என்பதால், 1000 அடிக்குப் போவதில் பணம் கரைவதற்கே வாய்ப்பு அதிகம். மேலே இற்றுப்போன பாறை அடுக்குதான் உங்கள் சேமிப்புத் தொட்டி. பழைய கிணறு இருந்தால் தூர்வாரி, வடிகட்டிய மழைநீரை அதில் இறக்குங்கள்.