தள்ளுபடித் துணி: பழைய விலையை மறைத்துவிட்டுப் பாருங்கள்

கேள்வி: ஒரு சட்டை எடுக்கலாம் என்று தள்ளுபடி விற்பனைக்குப் போனால் நாலைந்து துணிகளோடு திரும்புகிறேன். பாதித் துணிகள் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் பீரோவில் கிடக்கின்றன. இதை எப்படி நிறுத்துவது?

பதில்: மனக்கட்டுப்பாடு இல்லையே என்று வருந்தாதீர்கள். சீட்டில் கோடு போட்டு அடித்திருக்கும் பழைய விலை பெரிய வேலை செய்கிறது. முதலில் கண்ணில் படும் எண், பிறகு நாம் போடும் கணக்கையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காட்டிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்கள் சொன்ன பதில்களின் நடுமதிப்பு 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இந்த இழுப்பு என்றால், துணியிலேயே தொங்கும் எண்ணுக்குக் கேட்கவா வேண்டும்?

அதனால் துணியைக் கையில் எடுத்ததும் பழைய விலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் தெரிகிற விலைதான் இதன் முழு விலை என்றால் எடுப்பீர்களா? மனம் தயங்கினால் துணியைவிடத் தள்ளுபடிதான் உங்களை இழுத்திருக்கிறது. திரும்ப மாட்டிவிடுங்கள்.

சதவீதக் கணக்கும் கொஞ்சம் ஏமாற்றும். 50 சதவீதத்துக்கு மேல் இன்னொரு 20 என்றால் 70 ஆகாது. 100 முதலில் 50 ஆகிறது, அந்த 50-இல் 20 சதவீதம் போய் 40. மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம்தான். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது, மூன்றும் தேவைப்படுகிறவருக்கு மட்டும் 33 சதவீதத் தள்ளுபடி. ஒன்று போதும் என்று வந்தவருக்கு இரட்டைச் செலவு.

அப்புறம் அளவு. தள்ளுபடி வரிசையில் தொங்குபவற்றில் பல, விற்காமல் நின்றுபோன அளவுகள். 'கொஞ்சம் இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம்' என்று எடுத்ததுதான் பீரோவின் அடித்தட்டுக்குப் போகும். இதில் நான் கறாராகவே சொல்வேன்: இன்றைய உடம்புக்குப் பொருந்தாததை எடுக்காதீர்கள். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றால் மட்டும் போதாது. கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், குனியுங்கள். தோள் தையல் தோளின் முனையில் நிற்கிறதா? பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளக்கிறதா? உள்பக்கச் சீட்டில் 'டிரை கிளீன் மட்டும்' என்றிருந்தால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் பீரோவைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. கடையில் கை இன்னொரு நீலச் சட்டைக்குப் போகும்போது, வீட்டில் ஏற்கெனவே மூன்று இருப்பது அதில் தெரியும். ஆன்லைன் என்றால் கூடையில் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். கார்டு விவரத்தைச் செயலியில் சேமித்து வைக்காதீர்கள்.

சரி, ஏற்கெனவே பிரிக்காமல் கிடப்பவற்றை என்ன செய்வது? இன்றே பில்களைத் தேடி எடுங்கள். தள்ளுபடித் துணிக்குப் பல கடைகள் பணம் திருப்பித் தராது, வேறு துணி மாற்றித் தரும். விதியும் கெடுவும் பெரும்பாலும் பில்லின் அடியிலேயே இருக்கும். கெடு தாண்டியவற்றை இந்த வாரமே ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். உடுத்த மனம் வராததை, புதுசாக இருக்கும்போதே தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள்.