குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்த அமெரிக்க ராணுவத்தைப் பயன்படுத்தலாமா?

ஒருவர் நாட்டில் இருக்க அனுமதி பெற்றவரா என்று சோதிப்பது, கைது செய்வது, திருப்பி அனுப்புவது எல்லாமே குடியேற்ற அமலாக்கம். அமெரிக்காவில் இது சிவில் அதிகாரிகளின் வேலை. 1878-ல் வந்த போஸி காமிடாட்டஸ் சட்டம், ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. காரணம் எளிது: எதிரியோடு போரிடப் பழகியவர்களைச் சொந்த மண்ணில் மக்கள் மீது ஏவக்கூடாது.

ஆனால் உதவலாம். மருத்துவமனைக் காவலாளி ஸ்ட்ரெச்சர் தள்ளலாம், ஆபரேஷன் செய்யக்கூடாது, அது மாதிரிதான். கண்காணிப்பு, போக்குவரத்து, வேலி அமைப்பது வரை சரி.

2025-ல் இந்தக் கோடு மங்கியது. ஜனவரியில் தெற்கு எல்லையில் தேசிய அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் எல்லையோர நிலம் ராணுவப் பகுதியாக்கப்பட்டது. அங்கே கால் வைத்தால் ராணுவ இடத்தில் அத்துமீறிய குற்றமும் சேரும். வீரர்கள் தற்காலிகமாகப் பிடித்து வைத்து எல்லைக் காவலரிடம் ஒப்படைக்கலாம். சட்டத்தைத் தொடாமல் நிலத்தின் பெயரை மட்டும் மாற்றிய இந்த வழிதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. அப்புறம் ஜூனில், குடியேற்றச் சோதனைகளை எதிர்த்துப் போராட்டம் நடந்த லாஸ் ஏஞ்சலஸில், மாநிலங்களின் பகுதிநேரப் படையான தேசியக் காவல்படையும் சுமார் 700 மரைன் வீரர்களும் இறக்கப்பட்டார்கள். அங்கே 1878 சட்டம் மீறப்பட்டதாகச் செப்டம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது.

தெருவில் ராணுவம் நின்றாலே ராணுவ ஆட்சி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, சிவில் நீதிமன்றங்களும் மக்களின் அரசியல் சாசன உரிமைகளும் அப்போதும் நடைமுறையில் இருக்கின்றன.