என் பார்க்கிங்கில் அடுத்தவர் கார்!

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு ஒதுக்கிய பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கடி காரை நிறுத்துகிறார். தரையில் கம்பம் நட்டுச் சங்கிலி போடலாமா? காலியாக இருக்கும்போது வெளியாளுக்கு வாடகைக்கு விடலாமா?

பதில்: முதலில் ஆவணங்களைப் பாருங்கள். இடத்தின் எண்ணும் அளவும் விற்பனைப் பத்திரத்திலேயே இருக்கிறதா, குடியிருப்புச் சங்கம் கொடுத்த ஒதுக்கீட்டுக் கடிதம் மட்டும்தானா? கடிதம் மட்டும் என்றால் பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமைதான் உங்களுடையது. தரை எல்லோருக்கும் பொது. சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கம்பம் நடாதீர்கள். கீழே இன்னொரு தளம் இருந்தால், துளை போடும்போது நீர்த்தடுப்புப் பூச்சு உடைந்து கசிவு தொடங்கலாம். சரிசெய்யும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

கோபத்தில் அவர் காரை மறித்து நிறுத்துவதோ டயரில் காற்றை இறக்குவதோ வேண்டவே வேண்டாம். உங்கள் பக்க நியாயம் அந்த நிமிடமே போய்விடும். ஆம்புலன்ஸுக்கும் வழி அடைபடலாம். நம்பர் பிளேட்டும் தரையில் எழுதிய இட எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி, தேதி நேரத்தோடு போட்டோ எடுங்கள். ஒவ்வொரு முறையும் செயலாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்புகார் பத்து சொன்னாலும் பதிவில் ஒன்றும் நிற்காது.

வாடகைக்கு விட, சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதிகள் இடம்கொடுக்க வேண்டும். பாதுகாப்புக் கருதி, குடியிருப்பவர்களுக்கு மட்டும் விடலாம் என்று பல சங்கங்கள் வைத்திருக்கின்றன, நியாயமான விதிதான். அனுமதி இருந்தால் வண்டி எண், காலம், காலிசெய்ய முன்னறிவிப்பு நாட்கள் மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி, நகலைக் காவலாளியிடமும் கொடுத்துவையுங்கள்.