மாமியின் பயமும் பாடசாலையின் பணிக்கூற்றும்

கேள்வி: என் மகனுக்கு வரும் ஜனவரியில் ஐந்து வயது நிறைகிறது. யாழ்ப்பாண நகரை அண்டி இயங்கும் கிறிஸ்தவ சர்வதேச ஆயத்தப் பாடசாலை ஒன்றில் அவனைச் சேர்க்க என் கணவர் விரும்புகிறார். நாங்கள் சைவர்கள். பாடசாலை தந்த கையேட்டில் 'ஒவ்வொரு பிள்ளையும் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டது', 'கிறிஸ்துவின் அன்பில் வளர்த்தல்', 'சேவை மனப்பாங்கு', 'உலகப் பிரஜை' என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பிள்ளையைக் கிறிஸ்தவத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், "பிள்ளையை வேதத்துக்குச் சேர்த்துப்போடுவினம்" என்று சொல்லி மாமி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த இலக்குகளையும் விழுமியங்களையும் எவ்வளவுக்கு நம்பலாம்?
– வாசகி, கொக்குவில்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மாமியைச் சாப்பிட வையுங்கள். அவருடைய பயத்துக்கு இந்த ஊரில் இருநூறு வருட வரலாறு இருப்பதால், அதை வயதுபோனவர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கியபோது, தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் அங்கே உயர்ந்த தரத்தில் கற்பிக்கப்பட்டன. ஆயினும் அதை நடத்தியவர்களின் இலக்கு, சுதேசிகளை மதம் மாற்றக்கூடிய போதகர்களை உருவாக்குவதே என்பதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. அங்கே படித்தவர்கள் நல்ல உத்தியோகம் பெற்றார்களே தவிர எதிர்பார்த்த அளவுக்குப் போதகர்கள் வரவில்லை என்று போஸ்டனில் இருந்த தலைமைச் சபை கருதியது. 1855இல் செமினரி மூடப்பட்டது. ஒரு பாடசாலை தன் இலக்கு என்று எழுதிவைப்பது வெறும் அலங்காரமாக இருப்பதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பலமான சான்று இதுதான்: கல்வியில் வென்ற ஒரு நிறுவனம், தன் சொந்த இலக்கில் தோற்றதாகக் கணிக்கப்பட்டுக் கதவை அடைத்தது.

கதையின் மறுபக்கத்தையும் மாமிக்குச் சொல்லுங்கள். அந்தச் செமினரியில் படித்த சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளைதான் பிற்காலத்தில், 1887இல், கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வகுப்புப் பிரிப்பு, அச்சிட்ட பாடப்புத்தகம் முதலிய முறைகளை மிஷன் பாடசாலைகளிடமிருந்தே எடுத்துக்கொண்டார். பாடசாலையின் இலக்கு ஒன்றாக இருக்கும். அங்கிருந்து வெளியே வரும் பிள்ளை வேறொன்றாக இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பது வீடு.

இனி உங்கள் கையேட்டுக்கு வருகிறேன். 'இறைவனின் சாயலில் படைக்கப்பட்ட பிள்ளை' என்பது விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில் உள்ள கருத்து. கிறிஸ்தவக் கல்வி இதன்மேல்தான் நிற்கிறது: கெட்டிக்காரப் பிள்ளைக்கும் மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் மதிப்பு ஒன்றே, ஏனென்றால் அந்த மதிப்பைக் கொடுத்தது பரீட்சைப் புள்ளி அல்ல. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை வைத்துப் பத்து வயதுப் பிள்ளையின் தலைவிதியை எழுதும் நம்முடைய ஊருக்கு இது மிகவும் வேண்டிய கருத்து என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதை அவர்கள் கடைப்பிடிக்கிறார்களா என்பதைக் கையேட்டில் காண முடியாது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்வீர்கள், வகுப்பேற்றாமல் நிறுத்துவீர்களா, வேறு பாடசாலை பாருங்கள் என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வீர்களா என்று அதிபரிடம் நேரே கேளுங்கள். 'சாயல்' என்ற சொல்லின் உண்மையான எடை அந்தப் பதிலில் தெரியும்.

'கிறிஸ்தவ சர்வதேசப் பாடசாலை' என்பது ஒரே வகையான பொருள் அல்ல என்பதையும் கவனியுங்கள். சில பாடசாலைகள் கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் என்ற பிரித்தானியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி, காலைச் செபமும் விவிலியப் பாடமும் மட்டும் சேர்த்துக்கொள்ளும். வேறு சிலவற்றில், தாங்கள் எதை நம்புகிறோம் என்று எழுதிவைத்த விசுவாச அறிக்கை ஒன்று இருக்கும். ஆசிரியர்கள் எல்லோரும் அதில் கையொப்பமிட்டிருப்பார்கள். இன்னும் சில, 1970இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கிய அக்சலரேட்டட் கிறிஸ்டியன் எடியுகேஷன் என்ற முறையைப் பின்பற்றும். அந்த முறையில் பிள்ளைகள் இரு பக்கமும் தடுப்பு வைத்த மேசையில் தனித்தனியாக இருந்து சிறு சிறு பயிற்சிப் புத்தகங்களைத் தாமே படித்து முடிப்பார்கள். ஐயம் வந்தால் மேசையில் ஒரு சிறு கொடியை வைப்பார்கள், அதைக் கண்டு பெரியவர் ஒருவர் வருவார். அங்கே விவிலியம் தனிப் பாடமாக நின்றுவிடாது. கணக்கிலும் ஆங்கிலத்திலும் விஞ்ஞானத்திலும் அது கலந்திருக்கும், உலகத்தின் தோற்றமும் ஆதியாகமத்தின்படியே கற்பிக்கப்படும். இதை விரும்பித் தெரிவுசெய்யும் குடும்பங்கள் உண்டு. அது அவர்கள் உரிமை. சைவக் குடும்பமாகிய நீங்கள் எந்த வகைப் பாடசாலையின் வாசலில் நிற்கிறீர்கள் என்று தெரியாமல் அனுமதிக் கட்டணத்தைக் கட்டிவிடக் கூடாது என்பதே என் கவலை.

'ஆயத்தப் பாடசாலை' என்ற பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர் பலர் இதை முன்பள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரித்தானியாவில் இந்தப் பெயர், பிள்ளையை 11 அல்லது 13 வயது வரை வைத்திருந்து, பெரிய தனியார் பாடசாலைகளின் நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் இடத்தைக் குறிக்கும். ஆகவே எதற்கு ஆயத்தம் என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். இங்கே சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்று இயங்குபவை. அரசின் பாடசாலை ஒழுங்கு அப்படியே அவற்றுக்குப் பொருந்தாது. ஐந்தாம் தரத்தின் பின் பிள்ளை எங்கே போவான்? அரச பல்கலைக்கழக அனுமதி நம் நாட்டு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி எனப்படும் தரப்படுத்திய புள்ளியை வைத்தே பெரும்பாலும் நடப்பதால், இலண்டன் பரீட்சை என்று நாம் சொல்லும் அந்தப் பிரித்தானியப் பரீட்சைகளை எழுதும் பிள்ளை மருத்துவம், பொறியியல் என்று போக வேண்டுமானால் பெரும்பாலும் தனியார் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ பணம் கட்ட வேண்டியிருக்கும். 'உலகப் பிரஜை' என்ற சொல்லுக்குள் இந்தச் செலவும் அடங்கியிருக்கிறது. உங்கள் கணவருடைய கணக்கில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது மாமியின் உண்மையான பயத்துக்கு வருவோம். எனக்குச் சொந்தமான ஒரு நினைவைச் சொல்கிறேன். நான் சிறுமியாகக் கிறிஸ்தவப் பாடசாலை ஒன்றில் படித்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை காலை நல்லூருக்குப் போய்விட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு வகுப்புக்குப் போனேன். ஆசிரியை ஒருவர் என்னை மேசையடிக்குக் கூப்பிட்டு, கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, அதன் முனையைத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்து, என் நெற்றியை மெதுவாகத் துடைத்துவிட்டு, "இப்ப வடிவாயிருக்கு" என்றார். ஏசவில்லை, அடிக்கவில்லை. பின்னேரம் வீடு திரும்பும்போது ஒழுங்கை முடக்கில் இருந்த பிள்ளையார் கோயிலில் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டுதான் படலையைத் திறந்தேன், அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியிலிருந்து பாடசாலை வாசலுக்கு வருமுன் நானே துடைத்துக்கொள்ளத் தொடங்கினேன். என்னை யாரும் மதம் மாற்றவில்லை, நான் இன்றும் சைவம்தான். ஆனால் அதன்பின் அங்கே படித்த இரண்டு வருடமும் இரண்டு நெற்றிகளோடு வாழ்ந்தேன்.

அதே பாடசாலையில் இன்னொரு ஆசிரியை இருந்தார். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் பிள்ளைகளை விளையாட்டுப் பாடத்தில் ஓடவிடாமல் மாமரத்தின் கீழ் இருத்தி, புள்ளி எழுதும் வேலையைக் கொடுப்பார். இருவரும் ஒரே மகுடவாசகத்தின் கீழ்தான் சம்பளம் வாங்கினார்கள். ஆகவே விழுமியம் எது என்று சுவரைப் பார்த்து அறிய முயலாமல், உங்கள் மகனின் வகுப்பாசிரியை யார் என்று விசாரித்து அவரோடு அரை மணித்தியாலம் கதையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் அறிந்து வையுங்கள். நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்கிறது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை உறுப்புரையைக் காட்டி வழக்காட மாட்டான். சுற்றியிருக்கும் எல்லோரும் கண்ணை மூடினால் அவனும் மூடுவான். செபத்தின்போது அவன் அமைதியாக நின்றால் போதுமா, விவிலிய வசனம் மனப்பாடம் செய்வதற்குப் புள்ளி உண்டா, கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் இடையனாக வர விருப்பமில்லை என்றால் என்ன, அந்த நேரத்தில் அவனுக்குச் சைவநெறி கற்பிக்க ஆள் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். என் அனுபவத்தில், "நாங்கள் கிறிஸ்தவர்கள், காலையில் செபம் செய்வோம், உங்கள் பிள்ளையை வற்புறுத்த மாட்டோம்" என்று நேராகச் சொல்லும் அதிபரை நம்பலாம். "ஐயோ, இங்கே சமயமே இல்லை, எல்லாம் பொதுவானது" என்று சிரித்துக்கொண்டு சொல்பவரிடம்தான் நான் கையேட்டை மீண்டும் விரித்துக் காட்டி, அப்படியானால் இந்த வரி எதற்கு என்று கேட்பேன்.

தமிழைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. எனக்கு மதத்தைவிட அதுதான் பெரிய கவலை. இடைவேளையில் தமிழில் கதைத்தால் தண்டம் அறவிடும் வழக்கம் ஆங்கில மொழிமூலப் பாடசாலைகள் சிலவற்றில் உண்டு. 'ஒவ்வொரு பிள்ளையும் இறைவனின் சாயல்' என்று எழுதிவிட்டு அந்தப் பிள்ளையின் தாய்மொழிக்குத் தண்டம் வைத்தால், அந்த இரண்டில் ஒன்று பொய். வட்டுக்கோட்டையில் மிஷனரிமார்கூடத் தமிழை ஒதுக்கி வைக்கவில்லை. வாரத்துக்கு எத்தனை தமிழ்ப் பாடவேளை, யார் படிப்பிக்கிறார், எந்தப் புத்தகம் என்று கேளுங்கள். இரண்டு பாடவேளைக்குக் குறைவென்றால் நான் சேர்க்க மாட்டேன்.

கட்டணம், வாகனம், சீருடை பற்றி உங்கள் கணவர் விசாரித்திருப்பார். அதில் நான் தலையிடவில்லை. அடித்துத் திருத்துவது அவர்களுடைய ஒழுக்க முறையில் சேருமா என்பதை மட்டும் நீங்களே கேளுங்கள். பிரம்புக்கு விவிலிய வசனம் ஆதாரம் காட்டும் பாடசாலையானால் அதற்குமேல் கதைக்க ஒன்றும் இல்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்றுகூடல் நேரத்தில், முன்னறிவித்துவிட்டுப் போங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் திருநீறும் பொட்டுமாக வரட்டும். அவரை எப்படி வரவேற்கிறார்கள், கதிரை கொடுக்கிறார்களா, அவரோடு தமிழில் கதைக்கிறார்களா என்று பாருங்கள். திரும்பி வரும்போது வழியில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு விண்ணப்பப் படிவத்தை எடுங்கள். அதில் சமயம் என்ற இடத்தில் 'சைவம்' என்று நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள்.