காலி டின் ஏன் கைப்பைக்குள் போகிறது?

கேள்வி: நாங்கள் கோவையில் வசிக்கும் சைவக் குடும்பம். லீட்ஸ் நகரில் வேலை பார்த்த என் மகன் அங்கேயே ஓர் ஆங்கிலேயப் பெண்ணை மணந்துகொண்டான். என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு, தன் தாயை அங்கே விட்டுவிட்டு மருமகளும் பேரனோடு இங்கு வந்துவிட்டாள். நல்ல பெண். இட்லி, சாம்பார் எல்லாம் சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கஸ்டர்டு செய்து தருவாள், எல்லோரும் சாப்பிடுவோம். மாமனாருக்குத் தினமும் கைப்பயிற்சி கொடுப்பதும் அவள்தான். ஒரே குறை என்னவென்றால், தன் சம்பளத்தில் மாதாமாதம் பீன்ஸ், சீஸ், மார்மைட் என்னும் கறுப்புப் பசை எல்லாம் வரவழைத்து, நாங்கள் படுத்த பிறகு ரொட்டியில் வைத்துச் சாப்பிடுகிறாள். ஒரு டின் பீன்ஸ் 300 ரூபாய். டிபன் டப்பா வைப்பதற்காக அவளுடைய ஆபீஸ் பையைத் திறந்தபோது, காலி டின்னைச் செய்தித்தாளில் சுற்றி உள்ளே வைத்திருந்ததைப் பார்த்தேன். பேரனும் இதைப் பழகிக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது. அவள் மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது?

பதில்: சகோதரி, வெளிநாட்டு மருமகளின் சாப்பாட்டைப் பற்றி மாமியார்கள் எழுதும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. எல்லாவற்றிலும் விலை இருக்கும், பேரப்பிள்ளையைப் பற்றிய கவலை இருக்கும், மற்றபடி நல்ல பெண் என்ற சான்றும் இருக்கும். உங்கள் கடிதத்திலோ, காலி டின்னைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாள் என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பேரனிடம் போய்விட்டீர்கள். அந்த வாக்கியத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உங்கள் சமையலறையில் குப்பைக்கூடை இல்லையா? சொந்தமாகச் சம்பாதிக்கிற ஒரு பெண், தன் பணத்தில் வாங்கித் தின்ற பண்டத்தின் டின்னைக் கழுவி, துடைத்து, காகிதத்தில் சுற்றி, ஆபீஸ் வரைக்கும் சுமந்துபோய்ப் போடுகிறாள் என்றால், அந்த டின்னைப் பார்த்து இந்த வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பேச்சு முழுதாகப் புரியாத வீட்டில் வாழ்பவர்கள் முகங்களைப் படிக்கப் பழகிவிடுவார்கள். நீங்கள் உதட்டைச் சுழித்தது, ஜன்னலைத் திறந்துவிட்டது, வேலைக்கு வரும் பெண்ணிடம் டின்னைத் தூக்கிக் காட்டியது எல்லாம் அவளுக்குத் தெளிவாகவே புரிந்திருக்கும். ஒரு டின்னின் விலை 300 ரூபாய் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அவள் வந்து சொல்லியிருக்கப்போவதில்லை. கூடையில் கிடந்ததை எடுத்து, ஒட்டியிருந்த சீட்டைப் படித்திருக்கிறீர்கள். நீங்கள் படித்த நாளுக்கு அப்புறம்தான் டின் கைப்பைக்குள் போயிருக்கும் என்று நினைக்கிறேன், யோசித்துப் பாருங்கள்.

மனம் நோகாமல் எப்படி நிறுத்துவது என்று கேட்கிறீர்கள். மனம் நோகவேண்டிய அளவுக்கு ஏற்கெனவே நொந்துவிட்டது. அவளுக்கு மதியச் சோறு கட்டிக் கொடுக்கிற நல்ல மனமும் உங்களுக்கு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோற்றோடு ஒரே பையில் அவளுடைய வெட்கமும் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும், அதைக் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இதை ஆடம்பரம் என்று நினைத்திருக்கிறீர்கள். விலை உங்களை ஏமாற்றியிருக்கிறது. கப்பலேறி, சுங்கம் கட்டி, கடைக்காரரின் லாபமும் சேர்ந்துதான் அது 300 ரூபாய் ஆகிறது. இங்கிலாந்தில் வாட்டிய ரொட்டியின்மேல் தக்காளிக் குழம்பில் வெந்த பீன்ஸைச் சூடாக ஊற்றிச் சாப்பிடுவது மிக மலிவான, மிகச் சாதாரணமான வீட்டுச் சாப்பாடு. இத்தனைக்கும் அந்த பீன்ஸ் பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்துதான் அங்கே போகிறது. லீட்ஸ் பக்கம் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். பள்ளியிலிருந்து குளிரில் நடுங்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு, வேலை முடிந்து அலுத்து வந்த தாய் கால் மணி நேரத்தில் கொடுக்கக்கூடியது அது. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நீங்கள் கரைத்துக் கொடுத்த ரசம் சாதத்துக்கு இருக்கிற இடம்தான் அவள் மனத்தில் அதற்கு இருக்கிறது. பகல் முழுதும் ஆபீஸ், மாலையில் உங்கள் கணவரின் கையைப் பிடித்துப் பயிற்சி, பிறகு பிள்ளை என்று ஓடிய ஒரு பெண், இரவில் தன் தாய் கொடுத்த சாப்பாட்டைத் தேடுகிறாள்.

சைவத்தைப் பற்றிய சந்தேகமும் உங்களுக்கு இருக்கும், அதைச் சுருக்கமாகத் தீர்த்துவிடுகிறேன். மார்மைட், 1902இல் பர்ட்டன் என்ற ஊரில் செய்யத் தொடங்கியது. பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுப்பது. அதில் மாமிசமும் இல்லை, போதையும் இல்லை. மாட்டிறைச்சிச் சாறு போவ்ரில் என்பது, அது வேறு பண்டம். தக்காளிக் குழம்பில் வரும் பீன்ஸ் சைவமே. சீஸில் மட்டும் கவனம் வேண்டும்: பழைய முறைப்படி பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைச் சேர்ப்பார்கள், இப்போது அது இல்லாமல் செய்பவையும் நிறைய இருக்கின்றன. பச்சைப் புள்ளி உள்ளதாகப் பார்த்து வாங்கும்மா என்று ஒரு முறை சொன்னால் அவளே பார்த்து வாங்குவாள். சைவக் குடும்பத்தில் உங்களுக்குக் கேட்க உரிமையுள்ளது அவ்வளவுதான்.

ஊர்விட்டு ஊர் வந்தால் வந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு மாறவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நம் மாநிலத்திலேயே மேல்நாட்டார் தங்கள் சாப்பாட்டைக் கூச்சமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டுதான் வாழ்கிறார்கள். 1968இல் உருவான ஆரோவில்லில் ரொட்டியையும் சீஸையும் அங்கேயே செய்துகொள்கிறார்கள். யாரும் அவர்களைக் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் அடுப்பு அவர்களுடையது. உங்கள் மருமகளும் தனி வீடு எடுத்துத் தன் அடுப்பை வைத்துக்கொண்டிருக்கலாம். நோயாளியான மாமனாருக்காக அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு, இன்னொரு பெண்ணின் சமையலறைக்குள் வந்திருக்கிறாள். ஒரே கூரையின்கீழ் குடும்பம் சேர்ந்து வாழ்வதே சரி என்று நம்புகிறவள் நான், அதை இந்தப் பக்கங்களில் பலமுறை எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்த வாழ்க்கையில் பெரியவர்களுக்குக் கிடைக்கிற மரியாதை இலவசமாகக் கிடைப்பதில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் வெளிச்சத்தில் உட்கார்ந்து வயிறார உண்டார்களா என்று பார்ப்பது மூத்தவளின் கடமை. அதில் நீங்கள் தவறியிருக்கிறீர்கள்.

உங்கள் மகனைப் பற்றித் திருமணத்துக்குப் பிறகு கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. நீங்கள் எல்லோரும் விரும்பிச் சாப்பிடுகிற அந்தக் கஸ்டர்டுப் பவுடர் எப்படிப் பிறந்தது தெரியுமா? பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரெட் பேர்ட் என்பவர், தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக, 1837இல் சோளமாவைக் கொண்டு முட்டையில்லாமல் செய்தது அது. உங்கள் மகன் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மனைவி இரவில் தனியாகச் சாப்பிடும்போது எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்; அம்மா, இதில் என்ன இருக்கிறது என்று உங்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். தன் தகப்பனின் கைப்பயிற்சியை மனைவியிடம் விட்டவனுக்கு இதுகூடவா முடியாது? இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பேரன் பழகிக்கொள்வான் என்று பயப்படுகிறீர்கள். பீன்ஸைப் பழகினால் அவனுக்கு ஒரு கேடும் இல்லை. தன் அம்மாவின் ஊர்ச் சாப்பாடு மறைத்துத் தின்னவேண்டியது, அதன் டின்னை இந்த வீட்டுக் கூடையில் போடக்கூடாது என்பதை அவன் பழகிக்கொள்வதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். பத்து வயதில் அம்மாவை நினைத்துக் கூசுகிற பையனைத் திருத்துவது யாராலும் ஆகாத காரியம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மேடைக்கு மேலுள்ள அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து அவளுக்கென்று கொடுங்கள். வாரத்தில் ஓர் இரவு அவள் ஊர்ச் சாப்பாடு, எட்டு மணிக்கு, எல்லோரும் உட்காரும் மேசையில் நடக்கட்டும். நீங்கள் சாப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை, பக்கத்தில் உட்காருங்கள். விலை உறுத்தினால் சிறிய வெள்ளை ராஜ்மாவை இரவே ஊறவைத்துக் குழைய வேகவைத்து, வடிகட்டிய தக்காளிச் சாறு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, சில சொட்டு வினிகர் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். தாளிக்காதீர்கள், மிளகாயும் கறிவேப்பிலையும் போடாதீர்கள். நம் கை சும்மா இருக்காது என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் போடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கணவருக்காகத் தன் தாயை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாளை ஒரு மாதம் இங்கே வந்து தங்கச் சொல்லி நீங்களே தொலைபேசியில் அழையுங்கள். மகன் மொழிபெயர்க்கட்டும், டிக்கெட்டையும் அவரே எடுக்கட்டும். கோவையில் வெயில் ஏறுவதற்கு முன், ஜனவரியிலேயே வரச் சொல்லுங்கள், அந்த ஒரு மாதம் அடுப்பை அவர்கள் இருவரிடமும் கொடுத்துவிடுங்கள்.