கொதிநீரும் பொம்மைத் தலைமுடியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டை ஒழித்தபோது என் சிறுவயது பார்பி பொம்மை கிடைத்தது. முதுகின் அடிப்பக்கம் 1966 என்று பொறித்திருக்கிறது. அவ்வளவு பழசு என்றால் நல்ல விலைக்குப் போகுமா? முடி சிக்குப்பிடித்துத் துடைப்பம் மாதிரி நிற்கிறது. கொதிநீரில் முக்கி, துணிகளை மென்மையாக்கப் போடும் திரவத்தில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியே செய்து சூட்டோடு சூடாகச் சீவினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. கால்களும் பிசுபிசுவென்று இருக்கின்றன. இந்த வயதில் பொம்மைக்குச் சட்டை மாற்றுகிறாள் என்று வீட்டில் சிரிப்பு வேறு.

பெயர் வேண்டாம், வாசகி.

*

அன்புள்ள வாசகிக்கு,

விலையை முதலில் முடித்துவிடுவோம். 1966 உங்கள் பொம்மை செய்யப்பட்ட வருஷம் அல்ல. இடுப்பு திரும்புகிற அந்த உடலின் வடிவத்துக்கு, பார்பியைச் செய்யும் மாட்டெல் நிறுவனம் காப்புரிமை குறித்த வருஷம். அதே முத்திரையோடு தொண்ணூறுகள் வரைக்கும் உடல்கள் வார்த்துத் தள்ளினார்கள். தலைக்குத் தனி வருஷம் உண்டு. பின்கழுத்திலோ கழுத்து விளிம்பின் உட்புறத்திலோ தேடுங்கள். 1976 என்று இருந்தால் அது பல் தெரியச் சிரிக்கும் முகத்தின் அச்சு. அதுவும் அச்சின் வருஷம்தான். பொம்மை அதற்கு முந்தியதல்ல என்பதற்குமேல் அந்த எண்ணிலிருந்து எதுவும் தெரியாது. விளையாடி, சிக்குப்பிடித்து, கால் பிசுபிசுத்த பொம்மைக்குச் சேகரிப்பாளர்கள் கொட்டிக்கொடுக்க மாட்டார்கள். அந்தக் கணக்கை விடுங்கள்.

வீட்டார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அரண்மனைக்கு அரண்மனை புது உடை மோஸ்தரைக் காட்டுவதற்காகப் பொம்மைகளுக்கு உடுத்தி அனுப்பிய காலம் ஒன்று ஐரோப்பாவில் இருந்தது. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகள் அல்ல. 1959இல் வந்த பார்பியும் தூக்கிவைத்துத் தாலாட்டும் குழந்தைப் பொம்மை இல்லை, உடை மாற்றிப் பார்ப்பதற்கென்றே வந்த பொம்மை. நீங்கள் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

ஆனால் அந்தக் கொதிநீர் விஷயத்தில் உங்களைச் சும்மா விட முடியாது. எந்தத் தலை என்று பார்க்காமல் எல்லாத் தலைக்கும் கொதிநீர் என்று ஒரே மருந்தை எழுதிக்கொடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. இதைப்பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், உங்கள் கடிதம் வந்து கிளறிவிட்டது. பொம்மை முடி எல்லாம் ஒரே இழை அல்லம்மா. சரான் உண்டு, நைலான் உண்டு, கனேகலான் உண்டு, பாலிபுரோப்பிலீன் உண்டு. ஒவ்வொன்றும் சூட்டுக்கு ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். இன்ன இழை என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்தது முதல் தப்பு.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. சீப்பில் உதிர்ந்து வந்த நாலைந்து இழைகளை எடுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் நீரின் மேற்பரப்பே இழையைத் தாங்கிப்பிடித்து உங்களை ஏமாற்றிவிடும். இழைகளை விரலால் நன்றாக நனைத்து, காற்றுக்குமிழி ஒட்டாதபடி அடியில் அமுக்கி விடுங்கள். மேலே ஏறி வந்து மிதந்தால் பாலிபுரோப்பிலீன். அது தண்ணீரைவிட லேசு. மற்ற மூன்றும் அடியிலேயே கிடக்கும். அவற்றை விரல்தான் பிரித்துச் சொல்லும்: கனமாக, சற்றே மெழுகுத் தன்மையோடு படிந்து தொங்கினால் சரான், பட்டாக வழுக்கிப் பளபளத்தால் நைலான், லேசாக, மிருதுவாக உப்பி நின்றால் கனேகலான்.

சரானும் நைலானும் கொதித்து இறக்கிச் சற்று ஆறவிட்ட நீரைத் தாங்கும். கனேகலானுக்குக் கை பொறுக்கிற சூடே அதிகம், அதற்குமேல் போனால் நெளிந்து சுருண்டு கம்பளியாகிவிடும். பாலிபுரோப்பிலீனில் சுருள் நிற்கவே நிற்காது. கழுவி, நேராகச் சீவி, பின்னிப் போடுவதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரிது. சூட்டோடு சூடாகச் சீவினீர்கள் என்கிறீர்கள். சூட்டில் இழை இளகியிருக்கும். சிக்கில் மாட்டிய சீப்பை அந்த நேரத்தில் இழுத்தால் இழை நீளும், மெலியும், விட்டதும் நெளிந்து சுருளும். மோசமாகிவிட்டது என்று நீங்கள் சொல்வது இந்த நெளிவைத்தான். சூடு வேண்டியது சிக்கெடுத்து முடித்தபிறகு, முடியைப் படியவைக்க. சிக்கு எடுக்கிற வேலை முழுக்கச் சீப்புக்கும் உங்கள் பொறுமைக்கும் உரியது.

ஆகவே மறுபடி முதலிலிருந்து வாருங்கள். காதில் உலோகத் தோடு இருந்தால் கழற்றுங்கள். செம்பு கலந்திருந்தால் காதைச் சுற்றிப் பச்சை படியும். கழுத்துக்குக் கீழே உடலை ஒரு பிளாஸ்டிக் உறையால் சுற்றிக் கட்டுங்கள். டக் டக்கென்று மடங்கும் சில முழங்கால்களுக்குள் உலோகம் இருக்கிறது, நீர் புகுந்தால் துருவேறி அந்தப் பழுப்பு வெளியே தெரியும். தலையைப் பச்சைத் தண்ணீரில் சோப்பு போட்டு அலசுங்கள். பிறகு வழுக்கலுக்காக, தலைக்குக் குளித்தபின் தடவும் கண்டிஷனர் கொஞ்சம். உங்கள் துணித் திரவமும் இதற்கு மட்டும்தான் ஆகும். ஊறவைத்து அப்படியே காயவிட்டால் அது இழைமேல் படலமாகத் தங்கித் தூசியை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஈரமாகவே முடியை ஆறேழு கற்றைகளாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். உலோகப் பல் சீப்புதான் வேண்டும். ஒரு கற்றையைத் தலையோடு ஒட்டி, வேருக்குச் சற்று மேலே, இடதுகைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். சீப்பின் இழுப்பு விரலோடு நிற்கவேண்டும், வேருக்குப் போகக்கூடாது. போனால் துளையில் நட்ட முடிக்கொத்து அப்படியே கையோடு வந்துவிடும், அப்புறம் அந்த இடம் வழுக்கைதான். நுனியில் ஒரு விரற்கடை அளவு மட்டும் சீவுங்கள். அது தடையில்லாமல் ஓடினபிறகு இன்னொரு விரற்கடை மேலே. உச்சியில் சீப்பை வைத்துக் கீழ்நோக்கி இழுக்கிறவர்கள் எல்லாச் சிக்கையும் நுனியில் கொண்டுபோய் ஒரே முடிச்சாக்கி, கடைசியில் கத்தரிக்கோலைத் தேடுவார்கள். அவிழாத முடிச்சு வந்தால் தையல் ஊசியின் முனையால் இரண்டு மூன்று இழைகளாகப் பிரித்து எடுங்கள். மணிக்கணக்கில் ஆகும். ஆகட்டும்.

சீப்பு தலையிலிருந்து நுனிவரை ஓடுகிறதா? நன்றாக அலசிவிட்டு, இப்போது வெந்நீர். பொம்மையைச் சாய்த்துப் பிடித்து, முடி நேராகத் தொங்க, இழைக்கேற்ற சூட்டில் மேலிருந்து ஊற்றுங்கள். சீவாதீர்கள், கையால் நீவிவிட்டால் போதும். உடனே குளிர்ந்த நீர். நீங்கள் இழுத்து நெளியவைத்த முடி சரானோ நைலானோ என்றால் பெரும்பகுதி இதில் நேராகிவிடும். உருகிக் கெட்டியான நுனி மட்டும் திரும்பாது, அதைக் கத்தரிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்துத் துளித்துளியாக நறுக்கலாம். சுருள் வேண்டுமென்றால் வெந்நீருக்கு முன்பே, வெட்டிய உறிஞ்சுகுழலில் நுனியிலிருந்து சுற்றிக் குண்டூசி குத்துங்கள். முழுக்கக் காயும்வரை, ஒரு பகலும் இரவும் ஆனாலும், அவிழ்க்காதீர்கள்.

தலைக்குள் நீர் புகுந்திருக்கும். மெல்ல அழுத்தி வெளியேற்றி, துண்டின்மேல் காயவிடுங்கள். காய்ந்த இரண்டொரு நாளில் உச்சி மறுபடி பிசுபிசுத்தால் அது அழுக்கல்ல. முடி உதிராமலிருக்கத் தலைக்குள் ஊற்றிய பசை கசிகிறது. எத்தனை முறை கழுவினாலும் வரும். தலையைக் கழற்றி உள்ளே சுரண்டினால்தான் குறையும். கழற்றும்போது வெந்நீரில் தலையை இளகவிடாமல் இழுத்தால் கழுத்துக் குமிழ் உடையும்.

கால் பிசுபிசுப்பு வேறு சங்கதி. கால் செய்த வினைல் என்ற பிளாஸ்டிக்கை இளக்கமாக வைக்கக் கலந்த எண்ணெய் வெளியே வருகிறது. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவைத்து, மெல்லிசாக டால்கம் பவுடர் பூசுங்கள். கொஞ்ச நாள் தாங்கும், பிறகு திரும்பப் பூசவேண்டும். பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள், கெட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மறந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் நாற்காலியையும் இளக்கிக் காலோடு ஒட்டவைத்துவிடும். வெளுத்த பருத்தித்துணியில் சுற்றி, வெயில் படாத, சூடேறாத இடத்தில் வையுங்கள். சாயத்துணி வேண்டாம், சாயம் வினைலில் இறங்கிவிடும். கறுப்பும் சிவப்பும் முதலில் இறங்கும்.